நான்காம் கிணற்றில் பச்சைத் தண்ணீர்

இக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் சிவகுருநாதன் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, எங்கள் நீர்வளத் திணைக்களத்தின் பிராந்தியப் பணிப்பாளர் இரத்தினசிங்கம் ஐயா அவர்களே, ஒரே மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் சோமசேகரம் ஐயா அவர்களே, பூவரசடி அகதி முகாமிலிருந்து இரண்டு சென்றிக் காவலரண்களில் மறிக்கப்பட்டு, அடையாள அட்டையைக் காட்டி, இந்த லிங்கநகர் மண்டபத்துக்குக் கால்நடையாக வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவர்மீதும் சாந்தி நிலவுவதாக!

என் பெயர் ஸஹாப்தீன். குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்தவன். அமரர் செல்வி குணேஸ்வரி சோமசேகரம் அவர்களிடம் பதினொரு வருடம் தொழில்நுட்ப உதவியாளனாக வேலை செய்தவன். நான் பேச்சாளன் அல்ல. எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கூடப் பேசினால் தலைவர் பொறுத்தருள வேண்டும். பதினொரு வருடமாகப் பேசவேண்டிய இடங்களில் பேசாமல் இருந்தவன் நான்.

உங்கள் கைகளில் இருக்கும் அழைப்பிதழைப் பாருங்கள். அதில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது? 'முன்னாள் நீரியலாளர் குணேஸ்வரி.' முன்னாள்! அவர் எப்போது முன்னாள் ஆனார்? ஓய்வு பெற்றாரா? நாற்பத்து மூன்று வயதில் யார் ஓய்வு பெறுகிறார்கள்? வேலையை விட்டு விலகினாரா? இல்லையே! அவர் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டவர். இரண்டு வருடங்களாக அந்த விசாரணை முடியவில்லை. அவர் இறந்து இன்று முப்பத்தோராம் நாள். இன்றும் முடியவில்லை. திணைக்களத்தின் அலுமாரியில் உள்ள விசாரணைக் கோவையின்படி, இன்றைக்கும் குணேஸ்வரி மிஸ் கிணற்றில் நஞ்சு கலந்த குற்றம் சாட்டப்பட்ட ஒருவர்!

அதைச் சொல்லத்தான் எழுந்து வந்தேன்.

அவர் யார்? பேராதனையில் பொறியியல் படித்தவர். வெளிநாடு சென்று இரண்டு வருடம் நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் கல்வியைக் கற்றவர். எண்பத்தேழாம் ஆண்டு, படித்தவர்கள் எல்லாம் கிடைத்த விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து திரும்பித் திருகோணமலைக்கு வந்தவர். 'ஏன் மிஸ் வந்தீங்க?' என்று ஒருமுறை கேட்டேன். என்னை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் அழைப்பார். 'அங்க எல்லாற்ற தண்ணிக்கும் ஆள் இருக்கு நானா' என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் தன்னைப்பற்றிப் பேசியதில்லை.

அவருடைய வேலை என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் நியாயமில்லை. ஆறு ஓடுவதை நாம் காண்கிறோம். மண்ணுக்குள்ளும் தண்ணீர் ஓடுகிறது. மணலின் இடுக்குகளுக்குள்ளே, ஒரு நாளைக்கு ஒரு முழம், இரண்டு முழம் என்று மெல்ல மெல்ல ஓடுகிறது. அது எந்தப் பக்கம் போகிறது, எத்தனை நாளில் எங்கே சேரும், எங்கே உப்பு ஏறும், எங்கே அழுக்குச் சேரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் அவர் வேலை.

எப்படிக் கணித்தார்? திணைக்களத்தில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது கொம்பியூட்டரைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி எடுத்துச் சென்றுவிட்டார்கள். குணேஸ்வரி மிஸ் என்ன செய்தார்? கட்டம் போட்ட தாளை எடுத்தார். பென்சிலை எடுத்தார். நிலத்தை எழுநூற்றிருபது கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்தின் நீர்மட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள நான்கு கட்டங்களிலிருந்து கணக்கிட்டு எழுதினார். எழுநூற்றிருபதும் முடிந்ததும் அழித்துவிட்டு மீண்டும் முதலாம் கட்டத்திலிருந்து தொடங்கினார். எண்கள் அசையாமல் நிற்கும்வரை, முப்பது தடவை, நாற்பது தடவை. கொம்பியூட்டர் ஒரு நிமிடத்தில் செய்வதை இந்தப் பெண்பிள்ளை மூன்று கிழமை குந்தியிருந்து செய்தார்!

கிணற்றில் நீர்மட்டம் அளக்கும் கருவிக்குப் பெற்றரி வேண்டும். பெற்றரியோடு சென்றியைத் தாண்ட முடியுமா? பெற்றரி கொண்டுபோனவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே கருவியைத் தூக்கி அலுமாரியில் வைத்தார். இரும்பு அளவுநாடாவின் நுனியில் பள்ளிக்கூட வெண்கட்டியைத் தேய்த்துக் கிணற்றில் இறக்கினார். வெண்கட்டி எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் மட்டம். அறுபத்தொரு கிணறுகள். மாதம் ஒருமுறை. சைக்கிளில். ஷெல் விழுந்த மாதங்களிலும் ஒரு கிணறு தவறியதில்லை.

இப்படிப்பட்ட ஒருவரைத்தான் நாம் என்ன செய்தோம்?

பூவரசடிக்கு வருகிறேன். தொண்ணூற்றாறாம் ஆண்டு தொடக்கத்தில், வெருகல் பக்கமிருந்தும் உள்ளூர்க் கிராமங்களிலிருந்தும் இடம்பெயர்ந்த முந்நூற்று நாற்பது குடும்பங்களைக் கடற்கரை மணலில் கொட்டினார்கள். கொட்டினார்கள் என்றுதான் சொல்வேன். மக்களை அப்படித்தான் இறக்கினார்கள். ஆறு கிணறு வெட்டினார்கள். கிணறுகளுக்கும் கடலுக்கும் நடுவே மலசலகூடக் குழிகளை வரிசையாக வெட்டினார்கள். நிலம் கடலை நோக்கிச் சரிகிறது, அழுக்குத் தண்ணீர் கடலுக்கே போய்விடும் என்றார்கள். கேட்டால் சரிபோலத்தான் இருக்கும். எனக்கும் சரிபோலத்தான் இருந்தது.

ஆனால் முகாமுக்கு மேற்கே ஒரு பெரிய குழாய்க்கிணறு இருந்தது. அதில் பம்பு பூட்டியிருந்தது. விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை பவுசர் வண்டிகள் நிரம்ப நிரம்ப இறைத்தார்கள். யாருக்காக என்று நான் சொல்லமாட்டேன். இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த இறைப்பில் நிலத்தடி நீரோட்டம் திசை திரும்பிவிட்டது! மேலே மண் கடலுக்குச் சரிகிறது. கீழே தண்ணீர் கடற்பக்கமிருந்து தரைப்பக்கமாக ஓடுகிறது. குழிகளிலிருந்து கிணறுகளுக்கு ஓடுகிறது! இதைக் கண்டுபிடித்தவர் குணேஸ்வரி மிஸ். கட்டத்தாளில், பென்சிலால். 'குழிகளை வடக்கே இருநூறு மீற்றர் தள்ளுங்கள், அல்லது பம்பை நிறுத்துங்கள்' என்று மாசியில் ஒரு கடிதம், சித்திரையில் ஒன்று, வைகாசியில் ஒன்று. மூன்று கடிதங்களையும் தபாலில் சேர்த்தவன் நான்.

முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு நேரில் கூப்பிட்டார்கள். நானும் வரைபடங்களைச் சுமந்துகொண்டு கூடப்போனேன். அந்த அறையில் நடந்த கதை எனக்கு மனப்பாடம்.

'மிஸ், நிலத்துக்குக் கீழ ஓடுற தண்ணிய நீங்கள் கண்டனீங்களோ?'

'காணேல்ல சேர். கணக்குப் பண்ணினனான்.'

'காணாத தண்ணிக்காக நாற்பத்திரண்டு குழிய மூடச் சொல்லுறீங்களோ? போய் வேற வேலையைப் பாருங்கோ.'

இதைச் சொன்னவர் இந்த மேடையில் இருக்கிறார். மாலையும் கொண்டு வந்திருக்கிறார். நல்ல மாலை. பெரிய மாலை.

காணாத தண்ணீரைக் காட்டுவது என்று குணேஸ்வரி மிஸ் முடிவு செய்தார். பேராதனையிலிருந்த பழைய நண்பரிடம் ஒரு போத்தல் சாயம் கேட்டு எடுப்பித்தார். கண் வைத்தியர் நோயாளியின் கண்ணில் விட்டுப் பார்க்கிறாரே, அதே சாயம். யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாதது. தண்ணீரில் கலந்தால் பச்சையாக ஒளிரும். நான்காம் கிணற்றுக்கு நேரே உள்ள குழியில் அந்தச் சாயம் ஊற்றப்பட்டது. 'பன்னிரண்டாம் நாள் கிணத்தில வரும்' என்று மிஸ் எழுதி வைத்தார். அதற்கு முன் முகாமில் இருந்த இராசமலர் என்ற தாயிடம் நடக்கப்போவதைச் சொன்னார்.

'தங்கச்சி, தண்ணி பளிங்கு மாதிரித்தானே கிடக்கு. இதிலயோ கூடாதது இருக்கு?' என்று அந்தத் தாய் கேட்டார்.

'கண்ணுக்குத் தெரியாதக்கா. அதத்தான் தெரியப் பண்ணப் போறன்.'

பதினோராம் நாள் காலை, வாளி மேலே வந்தது. தண்ணீர் பச்சை! இளம் இலை போலப் பச்சை! ஒரு நாள்தான் பிசகு. மூன்று கிழமை பென்சிலும் அழிறப்பருமாக இருந்த பெண்ணின் கணக்கில் ஒரே ஒரு நாள் பிசகு! வேறொரு நாட்டில் என்றால் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். முகாம் பெண்கள் அன்றே நான்காம் கிணற்றையும் பக்கத்து மூன்றாம் கிணற்றையும் விட்டுவிட்டு, அரைக் கட்டை தூரம் நடந்து வேறு கிணற்றில் அள்ளினார்கள்.

நம் நாட்டில் என்ன நடந்தது? மூன்றாம் நாள், அகதி முகாம் கிணற்றில் நஞ்சு கலந்ததாக முறைப்பாடு போனது. திணைக்களத்தின் கடிதத் தலைப்பில் போனது! வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நீர்மட்ட வரைபடங்களை விரித்து வைத்து, இது யாருக்கு வரைந்த படம், இந்தக் கோடுகள் என்ன பாதை என்று கேட்டார்கள். பத்தொன்பது நாள்! தண்ணீர் ஓடும் பாதை என்று பத்தொன்பது நாளும் ஒரே பதிலைச் சொன்னார். சாயத்தை ஊற்றியது யார் என்று கேட்டபோது, 'நான்தான்' என்றார்.

அந்தப் பத்தொன்பது நாளில் இங்கே என்ன செய்தார்கள்? நான்காம் கிணற்றை இறைத்துக் கழுவினார்கள். பச்சை போய்விட்டது. தண்ணீர் மறுபடியும் பளிங்கு. தூரத்துக் கிணற்றுக்கு நடந்து போவது பாதுகாப்புக்கு இடைஞ்சல் என்று பாதையை அடைத்தார்கள். முகாமில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: தண்ணீர் சுத்தம், வதந்திகளை நம்பவேண்டாம், குடியுங்கள்!

குடித்தார்கள். வேறென்ன செய்வார்கள்? ஆடி மாத வெயிலில் குழந்தை தண்ணீர் கேட்டால் எந்தத் தாய் கொடுக்கமாட்டாள்?

பதினேழு குழந்தைகள். வயிற்றோட்டம் என்று எழுதி மூடிவிட்டார்கள். ஒரு மாதத்தில் பதினேழு! அதில் இரண்டு இராசமலருடையவை. அவர் இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். 'சொல்லுங்கோ நானா. அவ பிடிச்சுக்கொண்டு போகேக்க நாங்கள் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. இப்பவெண்டாலும் சொல்லுங்கோ' என்றார்.

பணிப்பாளர் ஐயா, எழுந்திருக்காதீர்கள். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. உங்கள் வாகனம் வெளியில்தான் நிற்கிறது. அது எங்கும் போகாது. இருங்கள்.

ஐப்பசியில் அந்தக் குழிகளை மூடினார்கள். புதிய குழிகளை எங்கே வெட்டினார்கள் தெரியுமா? வடக்கே இருநூறு மீற்றரில்! மிஸ் கீறிய கோட்டின்மேல், ஒரு மீற்றர்கூட விலகாமல்! அறிக்கை ஒன்றும் வெளியிட்டார்கள். அதில் அவருடைய வரைபடம் இருந்தது. அவருடைய பெயர் இல்லை. படம் சரியானது, பெயர் மட்டும் ஆகாது! கணக்கை எடுத்துக்கொண்டவர்கள், கணக்குப் போட்டவரை இடைநிறுத்தத்திலேயே வைத்திருந்தார்கள். இது என்ன நியாயம்? எந்த ஊர் நியாயம்?

இப்போது என் கதையைச் சொல்லவேண்டும். பிறரைக் கேள்வி கேட்டுவிட்டு நான் தப்பிப்போக ஏலாது.

அந்தச் சாயத்தைக் குழியில் ஊற்றியவர் குணேஸ்வரி மிஸ் அல்ல. ஊற்றியவன் நான். இந்தக் கையால். அவர் கிணற்றடியில் மட்டம் எடுத்துக்கொண்டு நின்றார். நான் குழியடியில் நின்றேன். திணைக்கள விசாரணையில் என்னைக் கூப்பிட்டு, 'சாயம் ஊற்றினது ஆர்?' என்று கேட்டார்கள். 'எனக்குத் தெரியாது சேர்' என்று சொன்னேன். கீழே கையெழுத்தும் வைத்தேன். எனக்கு நான்கு பிள்ளைகள். என் தம்பி காணாமற்போன வருடம் அது. இவை காரணங்கள். இவற்றைச் சொல்லி உங்களிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை. அவராலும் நான்கு வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்து வெளியே வந்திருக்க முடியும். பத்தொன்பது நாளும் சொல்லவில்லை.

விடுதலையாகி வந்த அன்று வாசலில் நின்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கைகள் வீங்கியிருந்தன. என்ன கேட்டார் தெரியுமா?

'நானா, நாலாம் கிணத்தில மட்டம் எடுத்தனீங்களோ?'

'இல்ல மிஸ். போக ஏலாமப் போச்சு.'

'அப்ப நாளைக்குப் போவம்.'

என் வாக்குமூலத்தைப்பற்றி அதற்குப் பிறகும் ஒரு சொல்கூட இல்லை. ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

இரண்டு வருடம், வேலை இல்லாத வேலையாள்! திணைக்களத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. அறுபத்தொரு கிணற்றையும் விடவில்லை. அதே அளவுநாடா, அதே வெண்கட்டி, அதே சைக்கிள். நான் வேலை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்துகொள்வேன்.

இந்த வருடம் சித்திரையில் ஒரு செய்தி வந்தது. மூதூர்ப் பக்கத்தில் புதிதாக ஒரு முகாம் போடப் போகிறார்கள், இருநூற்றெண்பது குடும்பங்கள் வரப்போகின்றன. மிஸ் இதைக் கேட்டதும் ஒன்றையே சொன்னார்: 'குழி வெட்ட முந்தி நாங்கள் போகோணும்.' நான் லீவு எடுத்தேன். லோஞ்சில் குடாவைக் கடந்து போனோம். ஆறு நாளில் இருபத்து மூன்று கிணறுகளில் மட்டம் எடுத்தோம். ஐந்தாம் நாளே காய்ச்சல். மலேரியா. வைத்தியசாலைக்கு வரச் சொன்னேன். 'நாளைக்கு முடிஞ்சிரும் நானா' என்றார்.

ஏழாம் நாள் காலை அவரால் நிற்க முடியவில்லை. இறங்குதுறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஏழு மணி லோஞ்ச் இல்லை என்றார்கள். பத்து மணி லோஞ்சும் இல்லை. பாதுகாப்புக் காரணம். திணைக்களத்தின் படகு ஒன்று அங்கேயே கட்டிக்கிடந்தது. போய்க் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். உத்தியோகத்தர் என்றால் ஏற்றலாம், இடைநிறுத்தப்பட்டவரை ஏற்ற எழுத்தில் அனுமதி வேண்டும் என்றார்கள். எழுத்தில்! கொதிக்கும் உடம்போடு ஒரு மனுசி மர வாங்கில் கிடக்கிறார், இவர்களுக்கு எழுத்தில் வேண்டும்!

ஸுபைதா என்று ஒரு மீன்காரப் பெண், தன் துவாயை நனைத்து நனைத்து அவர் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தார். மிஸ்ஸின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. அந்த இறங்குதுறையில் சட்டம் தெரியாத ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் மனிதராக இருந்தார்.

மூன்று மணிக்கு லோஞ்ச் வந்தது. மிஸ் என் மடியில் தலைவைத்துக் கிடந்தார். 'பதினேழாம் கிணறு எழுதினனீங்களோ நானா?' என்று கேட்டார். 'ஓம் மிஸ்' என்றேன். 'எவ்வளவு?' என்றார். 'ரெண்டு தசம் நாலு.' சற்று யோசித்தார். 'சரியாத்தான் இருக்கும்' என்றார். கொட்டியாரக் குடாவின் நடுவில், துறைமுகம் தெரியத் தொடங்கிய நேரத்தில், அவர் மூச்சு நின்றுவிட்டது.

பெரியோர்களே! இவர் நோயால் இறந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். நோயும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எட்டு மணித்தியாலம் அவரை அந்த வாங்கில் கிடத்தியது நோயா? கொசு போட்ட கையெழுத்தா அந்த இடைநிறுத்தக் கடிதத்தில் இருப்பது?

'அன்னாரின் ஆத்மா சாந்தியடைவதாக' என்று இதுவரை ஐந்து பேர் பேசிவிட்டார்கள். நான் சொல்லமாட்டேன். அவருடைய சாந்தியை இறைவன் பார்த்துக்கொள்வான். நமக்கு ஏன் சாந்தி? அந்தக் கோவை அலுமாரியில் இருக்கும்வரை நாம் யாரும் சாந்தியாக இருக்கக்கூடாது!

ஆகவே, இந்தச் சபையின் முன் சில விடயங்களைச் சொல்லி முடிக்கிறேன். நாளை காலை எட்டு மணிக்குத் திணைக்கள வாசலில் நிற்பேன். சாயம் ஊற்றியவன் நான் என்று எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம் என் சட்டைப்பையில் இருக்கிறது. என்னை என்ன செய்வதானாலும் செய்யுங்கள். அவர் பெயரைக் கழுவி வெளியே எடுங்கள். அந்த அறுபத்தொரு கிணறுகளுக்கும் வருகிற முதலாம் திகதி ஆள் போகும். நான் உள்ளே இருந்தால் என் மூத்த மகள் லைலா போவாள். மட்டம் எடுக்கப் பழகிவிட்டாள்.

இன்னொன்று. மூதூரில் எடுத்த அளவுகளை வைத்து மிஸ் கணக்குப் போடவில்லை. அதற்கு அவருக்கு நாள் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் சோமசேகரம் ஐயாவிடம் போனேன். மிஸ்ஸின் பழைய தாள்களைப் பார்த்துப் பார்த்து, நான் கட்டங்களை நிரப்பினேன். ஐயா நாற்பது வருடம் தபால் கந்தோரில் கூட்டிக் கழித்தவர், ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தார். எங்கள் இருவருக்கும் பத்தொன்பது நாள் பிடித்தது. மிஸ் என்றால், கட்டங்கள் குறைந்த இந்தத் தாளை இதைவிட விரைவாக முடித்திருப்பார். நாங்கள் பிழை விட்டிருக்கலாம் என்று நேற்றுப் பேராதனை நண்பருக்குப் பிரதி அனுப்பியிருக்கிறோம். ஆனால் ஒன்று தெளிவு. புதிய முகாமில் குழிகளுக்குக் குறித்திருக்கும் இடம் பிழை. தென்கிழக்கு மூலைக்கு மாற்றவேண்டும். திங்கட்கிழமை வெட்டத் தொடங்குகிறார்கள். இன்று வியாழன்.

பணிப்பாளர் ஐயா, இதுதான் அந்தத் தாள். முன்பு மூன்று கடிதங்கள் தபாலில் வந்தன, முதல் இரண்டும் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். இது தபாலில் வரவில்லை. மேடைக்கு ஏறி வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன். இருநூற்றெண்பது குடும்பம். இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இராசமலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாலையைக் கீழே வையுங்கள் ஐயா. கையை நீட்டி இதை வாங்குங்கள்.